நான்கு விரற்கடைத் தளர்வு

அன்பு மகனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா சுகமாக இருக்கிறாள். நானும் சுகம் என்று எழுதப் போய்ப் பேனாவை நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இருக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கடையில் ஆட்களுக்கு நடுவில் பிரிக்காதே. பரமக்குடியில் ஆற்று மணலுக்குப் பஞ்சமில்லை, எங்கேயாவது தனியாகப் போய் உட்கார்ந்து படி. பாதியில் உனக்குக் கோபம் வரும். கிழித்துப் போடாமல் மடித்து வைத்துவிட்டு, ஆறிய பிறகு மறுபடி எடுத்துக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. இவ்வளவுதான் நான் கேட்பது.

போன மாதம் நீயாகவே ஊருக்கு வந்து, மாமா மகள் ஜுலைகாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று உம்மாவிடம் சொன்னாய். அவள் தன் அண்ணன் வீட்டுக்குச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். இனி பிறை பார்த்து நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. நம் ஊர் வழக்கப்படி நிக்காஹ் முடிந்த அன்றே நீ பெண் வீட்டுக்குக் குடிபோய்விடுவாய். அந்த வீட்டில் மாமா ஒற்றைக் காலோடு, கக்கத்தில் கட்டையை ஊன்றி நடக்கிறார். சுபுஹுத் தொழுகைக்கு அவர் எழுந்து முற்றத்துக்குப் போகும் சத்தத்தில்தான் தினமும் நீ கண் விழிப்பாய். அந்தக் கால் போனது உன்னால்தான் என்று ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்த நம்பிக்கைதான் உன்னை அந்த வாசலில் மாப்பிள்ளையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறதோ என்று எனக்குப் பயம். மகனே, உன்னால் போகவில்லை. என்னால் போனது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

எழுதிவிட்டேன். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நம் வள்ளத்தை நான் வாங்கியது சுதந்திரம் வந்ததற்கு மறு வருடம். அதுவரை அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் பாய் பிடித்தவன், சொந்த வள்ளம் என்றதும் தரையில் நடக்கவில்லை. கருவாடும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு பாம்பனுக்குப் போவதும், அங்கிருந்து கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்புவதும்தான் பிழைப்பு. சின்ன வள்ளம், ஒற்றைப் பாய்மரம், ஒற்றைப் பாய். அந்த மரம் நிமிர்ந்து நிற்பது, பக்கத்துக்கு இரண்டாக அதன் உச்சியிலிருந்து வள்ளத்தின் விளிம்புக்கு இழுத்துக் கட்டியிருக்கும் நான்கு கயிறுகளால். அதுவரை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தேங்காய்நார்க் கயிறு. அது இழுக்க இழுக்க நீளும், காலையில் கட்டினால் மதியம் தொய்ந்துவிடும். அதனால் விளிம்பில் காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, தட்டினால் ணங்கென்று சத்தம் வருகிற அளவுக்கு முறுக்கிக் கட்டுவோம். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. தொய்வு எதைப் பார்த்தாலும் எனக்குப் பிடிக்காது. கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று நீ கேட்டபோது, கையை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்துதான் முடியாது என்றேன். உன் உம்மா இரண்டு நாள் கூடுதலாகத் தன் அண்ணன் வீட்டில் தங்கினாலும் ஆள் அனுப்புவேன். இதையெல்லாம் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் உனக்குப் பத்தொன்பது வயது. தூத்துக்குடி போய்விட்டு வந்த நீ, ஒரு சுருள் மணிலாக் கயிறு கொண்டு வந்தாய். பொன் நிறம், கையில் பிடித்தால் வழவழப்பு. அதை வைத்து நான்கு கயிறுகளையும் மாற்றிக் கட்டினாய். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கரைக்கு வந்து பார்த்தேன். ஒரு கயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், உள்ளே போனது. நான்கு விரற்கடை போனது. மாமாவும், நம்மோடு கடலுக்கு வரும் ஆட்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“என்னப்பா இது, தொட்டில் கட்டிருக்கியா?” என்று கேட்டேன்.

நீ எதிர்த்துப் பேசவில்லை, நிதானமாகத்தான் சொன்னாய். “வாப்பா, இது நம்ம நார்க்கயிறு மாதிரி இல்ல. நனைஞ்சா சுருங்கும். துறைமுகத்துல தோணிக்காரங்கள்ட்ட நல்லாக் கேட்டுட்டுத்தான் வந்தேன். காயும்போது இந்த அளவு விட்டு வச்சாத்தான், நனையும்போது சரியா நிக்கும். இறுக்கிட்டா மரத்தப் போட்டு அமுக்கிரும்.”

நான் வாயைத் திறக்குமுன் மாமா சிரித்துவிட்டார். அவர் சிரிப்பு உனக்குத் தெரியும், ஊருக்கே கேட்கும். “மச்சான், மவன் உங்கள முந்திட்டான். இனிமே நீங்க அங்கன குந்திப் பாத்துக்கிட்டிருங்க” என்றார். ஆட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை உன் உம்மா கவனித்தாள். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலை நீ சரக்கு விஷயமாக முதல் பஸ்ஸில் இராமநாதபுரம் போனாய். பள்ளிவாசலிலிருந்து மற்றவர்கள் வருவதற்குள் நான் கரைக்குப் போய்விட்டேன். நான்கு கயிற்றின் கட்டுகளையும் அவிழ்த்தேன். விளிம்பில் காலை ஊன்றி, நாற்பது வருடமாக எப்படி இழுத்தேனோ அப்படி இழுத்தேன். நீ போட்டிருந்த மாதிரியே முடிச்சுப் போட்டேன். மகனே, அதுதான் என் நெஞ்சை இன்றைக்கும் அறுக்கிறது. என் வழக்கப்படி முடிச்சுப் போட்டிருந்தால் மாமா பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பார். மகன் சொல்லைத் தட்டினேன் என்று அவர் இன்னொரு தடவை சிரித்துவிடக்கூடாது என்பதற்காக உன் கை மாதிரி என் கையை மாற்றிக்கொண்டேன். தட்டிப் பார்த்தேன். ணங்கென்றது.

அன்று காலையே மாமாவும் ஆட்கள் இரண்டு பேரும் நானும் பாம்பனுக்குக் கிளம்பினோம். போகும்போது ஒரு கஷ்டமும் இல்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பின்னாலிருந்து தள்ளியது, கயிறு காய்ந்தே இருந்தது. பாம்பனில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காற்று எதிர். வள்ளத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி வந்தோம். ஒவ்வொரு அலையும் முன்பக்கத்தில் மோதித் தண்ணீரை அள்ளி வீசியது. கயிறுகள் நனைந்து, பொன் நிறம் போய்ப் பழுப்பாகிவிட்டன. காற்றுக்கு மறுபக்கம் உள்ள கயிறு எப்போதும் கொஞ்சம் தொய்ந்து கிடக்கும், அது இயல்பு. அன்று அதுவும் விறைத்து நின்றது. நான் அதைப் பார்த்தேன். மரத்தின் அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது, அதையும் கேட்டேன். அப்போதே பாயை இறக்கி, ஒரு கயிற்றையாவது தளர்த்தியிருக்கலாம். ஏன் தளர்த்துகிறீர்கள் என்று மாமா கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையில் குருசடைத் தீவைத் தாண்டிவிட்டோம். பெரிய காற்று ஒன்று வந்தது. இருக்கைப் பலகையை ஒட்டி மரம் ஒடிந்தது.

மாமா நடுவில் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மரம் அவர் வலது காலை விளிம்போடு சேர்த்து நசுக்கியது. பாதி மரமும் பாயும் தண்ணீரில் கிடந்து, ஒவ்வொரு அலைக்கும் இழுத்தன. இழுக்கும்போதெல்லாம் அவர் கத்தினார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். அவர் காலை விடுவிக்க ஒரு கயிற்றை அறுத்தால் போதும். அறுத்தேன், ஆட்கள் அவரை இழுத்துப் போட்டார்கள். அப்புறம் நான் மற்ற மூன்றையும் அறுத்தேன். மரமும் பாயும் கயிறும் முடிச்சும் எல்லாம் போய்விட்டன. வள்ளம் கவிழாமல் இருக்க அறுத்தேன் என்று கரையில் சொன்னேன். எல்லோரும் என் சமயோசிதத்தைப் பாராட்டினார்கள். நான் அறுத்தது எதற்காக என்று எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். நான் இறுக்கிய முடிச்சை யாரும் கையில் எடுத்து, எவ்வளவு இறுக்கம் என்று பார்த்துவிடக்கூடாது.

துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தோம். நீ இராமநாதபுரத்திலிருந்து திரும்பிக் கரையில் நின்றாய். ஊர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. புதுக் கயிற்றைக் கட்டத் தெரியாமல் கட்டினான், தளர்ந்துபோய் மரம் ஆடி ஒடிந்துவிட்டது என்றார்கள். முந்தின நாள் நான்கு விரல் தொய்வைப் பார்த்தவர்களே அதற்குச் சாட்சி. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நெடுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் மாமாவின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்த அன்று, வராந்தாத் தரையில் நீ சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, “வாப்பா, நான் எங்கன தப்பு விட்டேன்னே தெரியல. எத்தனையோ தடவ நினைச்சுப் பாத்துட்டேன். விட்டது கூடிப்போச்சா வாப்பா?” என்று கேட்டாய். உன் தாடியில் அப்போதுதான் நாலு முடி. அல்லாஹ் எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற நேரம் அது. நான் உன் தலையில் கை வைத்தேன். “நடந்தது நடந்து போச்சு. விடுப்பா” என்றேன். உன்னை மன்னிக்கிறவன் மாதிரி சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். என் வாழ்க்கையில் நான் செய்த பாவங்களில் பெரியது மரத்தை ஒடித்தது இல்லை, அந்த வராந்தாவில் உன் தலையில் கை வைத்ததுதான்.

அதற்குப் பிறகு நீ கடலுக்கு வரவில்லை. பரமக்குடியில் கைத்தறித் துணிக்கடைக்குப் போனாய். ஊருக்கு வரும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும் நேரே மாமா வீட்டுக்குப் போய், கிணற்றிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் தூக்கித் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் நம் வீட்டில் சாப்பிட உட்காருவாய். உன் முதலாளியை ஒரு தடவை பரமக்குடி ஸ்டேஷனில் பார்த்தேன். “உங்க மவன் மாதிரி பையன் கிடைக்க மாட்டான் பாய். என்ன, மூட்டை மட்டும் கட்டச் சொன்னாக் கட்ட மாட்டேங்கிறான். கயிறைக் கண்டா வேற ஆளக் கூப்பிடுறான்” என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ரயில் பெட்டியில் ஏறி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டேன்.

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இப்போது ஏன் திறக்கிறேன் என்று கேட்பாய். நான் இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போவதாக நிய்யத்து வைத்தது உனக்குத் தெரியும். பம்பாய் போய்க் கப்பலேறுவதற்கு முன்னால், நம் வழக்கப்படி வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை தெருத் தெருவாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள், மக்காவில் தங்களுக்காகத் துஆச் செய்யச் சொன்னார்கள். மாமா வீட்டுக்கும் போனேன். எல்லா வீட்டிலும் சொன்ன அதே வார்த்தைகளை அங்கேயும் சொன்னேன். தெரிந்தும் தெரியாமலும். அவர் கட்டையை ஊன்றி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

“பொறுத்துக்கிட்டேன் மச்சான். எனக்கு நீங்க என்ன குத்தம் பண்ணீங்க, பொறுக்க?” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாப்பிள்ளப் பய எனக்குப் பண்ணினதுக்கு ஈடா எம் மவளக் கட்டுறான்னு ஊரு பேசுது. எனக்கு அது பிடிக்கல. ஆனா நா முடியாதுன்னா அவன் நெஞ்சு வெடிச்சுப் போவும். அதான் சரின்னேன்” என்றார்.

நான் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். உனக்காக அவரும், அவருக்காக நீயும் ஒருவர் மேல் ஒருவர் இரக்கப்பட்டு, நடுவில் அந்தப் பெண்ணை வைத்து ஒரு கல்யாணம் செய்யப் போகிறீர்கள். அந்த இரக்கத்துக்கு அடியில் இருப்பது என் பொய். ஏமாற்றி வாங்கிய மன்னிப்பை மடியில் கட்டிக்கொண்டு மக்காவில் போய் எப்படி நிற்பது? மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன் பொறுக்காமல் அல்லாஹ் பொறுப்பதில்லை என்று பள்ளிவாசலில் ஹஜரத் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், அத்தனை தடவையும் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். ஆறு நாள் புரண்டேன். உம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அவள் அழவில்லை. “எங்கண்ணன் காலையும் எம் மவன் சிரிப்பையும் சேத்து எடுத்துட்டு, இத்தன நாளு எங் கையால சாப்புட்டீங்களே” என்றாள். இன்று காலைச் சோற்றை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை மாமா வீட்டுக்குப் போய், உனக்கு எழுதியிருப்பதை எல்லாம் அவரிடம் சொன்னேன். கதவுக்குப் பின்னால் ஜுலைகா நிற்பது தெரிந்தது, வளையல் சத்தம் கேட்டது. இருக்கட்டும் என்று குரலைக் குறைக்காமல் சொன்னேன். நான்கு கயிற்றையும் அறுத்ததைச் சொன்னபோது மாமா கையைக் காட்டி நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நா சிரிச்சதுக்கா மச்சான்?” என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார். “அன்னைக்குப் பொறுத்துக்கிட்டேன்னு சொன்னதத் திருப்பி எடுத்துக்கிறேன். இதப் பொறுக்க எனக்கு இப்ப முடியல. எப்ப முடியும்னும் தெரியல. நீங்க எங்கிட்ட இனிமே கேக்காதீங்க. மொதல்ல அந்தப் பயலுக்கு எழுதுங்க. அவன் கட்டினது சரின்னு ஒங்க கையால எழுதுங்க.”

எழுந்து வாசலுக்கு வந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஜுலைகா கூப்பிட்டாள். அவள் என்னிடம் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. “மாமா, அவுகளுக்கு எழுதும்போது நாஞ் சொன்னதா ஒண்ணு எழுதுங்க. தண்ணி தூக்க இனிமே இந்த வீட்டுக்கு வர வேணாம். தண்ணி நாங்க தூக்கிக்குவோம். மாப்பிள்ளையா வரணும்னு அவுகளுக்கு ஆசையிருந்தா மட்டும் வரட்டும். வரலன்னாலும் எனக்கு அவுக மேல ஒரு வருத்தமும் இல்லன்னு எழுதுங்க.” அந்தப் பெண்ணை இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீயும் கேட்டிருக்க மாட்டாய்.

ஆகையால் மகனே, உனக்கு அவள் மேல் விருப்பம் இருந்தால் வா, அவளைக் கேள். இல்லையென்றால் நாளைக்கே வேண்டாம் என்று எழுதிவிடு, மாமா உன்னைத் தவறாக நினைக்க மாட்டார். யாரைக் கட்டினாலும் ஒன்று மட்டும் செய். தப்புச் செய்தால் அன்று சாயங்காலத்துக்குள் அவளிடம் சொல்லிவிடு. முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது கஷ்டம், ஆறு வருடம் கழித்துச் சொல்வது எப்படி இருக்கும் என்று இந்தக் கடிதத்தைப் பார்த்தால் தெரியும். உன் முன்னால் யாராவது சிரித்துவிட்டால், நீயும் சிரித்துவிட்டு, அவர்கள் சொன்னது சரிதானா என்று மட்டும் பார். எனக்கு நீ என்ன எழுதுவாய் என்று நான் கேட்கவில்லை. எழுதாமல் இருந்தாலும் அது உன் உரிமை. பம்பாய்ப் பயணத்தை நிறுத்திவிட்டேன். மாமாவுக்கு எப்போது முடிகிறதோ அப்போது பார்க்கலாம், முடியாமலே போனால் போகாமலே இருந்துகொள்கிறேன்.

இன்று மத்தியானம் கரைக்குப் போனேன். புது மரம் போட்டு ஆறு வருடமாகிறது, அதையும் இத்தனை நாள் நார்க்கயிற்றில் என் பழைய முறைப்படிதான் இறுக்கி வைத்திருந்தேன். நான்கு கட்டுகளையும் அவிழ்த்து, புதிதாக மணிலாக் கயிறு போட்டு, நீ அன்றைக்குச் சொன்னது மாதிரி விட்டுக் கட்டினேன். ஆட்கள் ஏன் என்று கேட்டார்கள். “எம் மவன் கட்டுற முறை இது” என்றேன். மரம் ஒடிந்தது யாரால் என்று அவர்களுக்கும் சொன்னேன். இந்நேரம் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். அப்புறம் கயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். நான்கு விரற்கடை உள்ளே போனது. நீ கட்டியது சரி.